குறை மறுபடியும் வர வேண்டும்

ஹட்டன் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் டேஷ்போர்டில் ஏதாவது ஒரு லைட் எரியத்தான் செய்யும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் செருகி, போனில் செயலியைத் திறந்து, 'அழி' என்பதை அழுத்தினால் லைட் அணைந்துவிடும். இங்கே அதற்குத்தான் திருத்துவது என்று பெயர். நானும் அப்படித்தான் திருத்தினேன், இன்ஸ்பெக்டர் சேர்.

என் மனைவி கிருஷாந்தி கினிகத்தேனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அன்று காலை பிரேக் லைட் எரிந்தது. "நேரமாகுதுங்க, என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்றாள். பார்த்தேன். லைட் அணைந்தது. வட்டவளை இறக்கத்தில் அவளுக்குப் பிரேக் பிடிக்கவில்லை. கார் தேயிலைக்குள் பாய்ந்தது. காருக்குப் பெரிய சேதம் இல்லை. அவள் பெல்ட் போட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பயம் வந்தது. அது சாவைப் பற்றிய பயம் இல்லை. செயலி பிழையாகக் காட்டியதா, அல்லது நான் பிழை செய்தேனா என்ற கேள்விதான் பயமாக இருந்தது. பல் விளக்கும்போது வரும். பஸ்ஸில் யாராவது என்னைத் திரும்பிப் பார்த்தால் வரும். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கப் பழகினேன்.

செயலிக் கம்பனிக்கு எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் போட்டார்கள். டிபக் லொக் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். காரும் செயலியும் பேசிக்கொள்வதை வரிக்கு வரி சேமித்து வைக்கும் பதிவு அது. செயலிக்குள்ளேயே அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. முதலில் பதிவைத் தொடங்க வேண்டும். பிறகு காரோடு இணைக்க வேண்டும். குறை மறுபடியும் வரும்படி செய்ய வேண்டும். அதன் பிறகு நிறுத்தி அனுப்ப வேண்டும். எழுதியிருந்தது அவ்வளவுதான்.

காரின் நசுங்கலை மட்டும் சரிசெய்து, பிரேக்கைத் தொடவிடாமல் எடுத்து வந்தேன். அதே இறக்கத்தில் நானே பல தடவை ஓட்டினேன். குறை வரவில்லை. நான் பயந்து ஓட்டுகிறவன், பிரேக்கை மெல்ல மெல்லத் தொடுவேன். கிருஷாந்தி அப்படி இல்லை. வளைவு வரைக்கும் வேகமாக இறங்கி, கடைசியில் ஒரே மிதியாக மிதிப்பாள். அவளுக்கு ஓட்டப் பழக்கியது அவளுடைய அண்ணன் சுதாகரன். அவனுக்கும் அதே கால்தான்.

அவனைக் கூப்பிட்டேன். கினிகத்தேனையில் காரை வாங்க ஆள் இருக்கிறது, ஓட்டிக் காட்ட வேண்டும் என்றேன். வந்தான். கதவைத் திறந்துவிட்டு ஏறாமல் நின்றான்.

"ஒக்காரவே ஒரு மாதிரியா இருக்கு மச்சான். தங்கச்சி இருந்த சீட்டு."

"லைட்டு எதுவும் எரியுதான்னு பாரு."

குனிந்து பார்த்தான். "எரியல."

"அப்புறம் என்னா பயம்?"

"படிச்சவரு சொன்னா சரிதான்" என்று சிரித்தான். "ஏதாச்சும் ஆச்சுன்னு வை, பேயா வந்து ஒன் கழுத்தப் புடிப்பேன்."

இதுவரை வரவில்லை.

இறக்கம் தொடங்கும் இடத்தில் இருக்கும் கோயிலில் நிறுத்தினான். உண்டியலில் காசு போட்டான். விபூதியைத் தன் நெற்றியில் பூசி, ஸ்டியரிங்கிலும் ஒரு கோடு இழுத்தான். பதிவு ஓடும் பழைய போன் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் இருந்தது. இன்னொரு போன் என்னிடம். நான் பைக்கில் பின்னால் போனேன், ஹெல்மெட்டுக்குள் இயர்போன் போட்டிருந்தேன். மூடுபனி. அவனுடைய சிவப்பு லைட் மட்டும் முன்னால் தெரிந்தது.

பாதி இறக்கத்தில் அவன் எனக்கு போன் எடுத்தான்.

"மச்சான், பிரேக்கு கல்லு மாதிரி இருக்கு. எறங்க மாட்டேங்குது."

கிருஷாந்தி இறங்கியபோது இப்படி ஒரு குரலை நான் கேட்கவில்லை. அவளும் யாரையாவது கூப்பிட்டிருப்பாள் என்று அப்போது நினைத்தேன். கியரைக் குறை, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழு, மண்மேட்டுப் பக்கம் உரசி நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது தெரியும். ஆனால் கிருஷாந்திக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் பதிவு வேறு மாதிரி ஆகிவிடும்.

"கால எடுக்காத. அப்படியே மிதி" என்றேன்.

"மச்சான்" என்றான். பிறகு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கார் பாய்ந்து கிடந்த தேயிலைக்குள் நான் இறங்கிப் போனபோது அவனுக்கு உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. நான் பெட்டியைத் திறந்து போனை எடுத்தேன். முதலில் 'நிறுத்து' என்பதை அழுத்தினேன். சரியாக நிறுத்தாவிட்டால் கோப்பு கெட்டுவிடும் என்று எழுதியிருந்தார்கள். அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், அன்று காலையும் பிரேக் லைட் எரிந்தது. பதிவைத் தொடங்கிவிட்டு, சுதாகரன் வருவதற்கு முன்னால் நான்தான் அதை அழித்தேன். எரிந்தால் அவன் ஏறியிருக்க மாட்டான். எல்லாம் முதல் தடவை போலவே இருக்க வேண்டும்.

கம்பனியின் பதிலை நீங்களும் வாசித்துவிட்டீர்கள். லொக் முழுமையாக இருக்கிறதாம், நன்றி சொல்லியிருக்கிறார்கள். செயலியில் பிழை இல்லையாம். பிரேக்கில் ஆபத்தான குறை இருப்பதாகச் செயலி சிவப்பு எழுத்தில் காட்டியிருக்கிறது. அழிப்பதற்கு முன்னால், திருத்த வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறது. செயலியைப் பாவிப்பவர் 'ஆம்' என்று அழுத்தியிருக்கிறார். எல்லாத் தடவையும் அது அப்படித்தான் கேட்கும் என்று எழுதியிருக்கிறார்கள்.

அதை வாசித்ததிலிருந்து தேநீர்க் கோப்பையை ஒரு கையால்தான் பிடிக்கிறேன், சேர். நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அவர்களிடம் இருப்பது சுதாகரன் ஓட்டிய பதிவு. கிருஷாந்தி ஓட்டியதற்குப் பதிவே இல்லை. ஆகவே அவள் விஷயத்தில் இன்னும் எதுவும் நிரூபணமாகவில்லை.