சுட்டால் நகர்ந்துகொள்ளும்

பாம்பு வளர்ப்பவர்களில் பாதிப் பேர் வெப்பமானியைத் தவறான இடத்தில் ஒட்டுகிறார்கள். தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில், கண்ணுக்கு வசதியாக. அது காற்றின் சூட்டைத்தான் சொல்லும். பாம்பு காற்றிலா படுக்கிறது? தொட்டிக்கு அடியில் வைக்கும் வெப்பப் பாய்க்கும் கண்ணாடித் தரைக்கும் நடுவே சூட்டை அளக்கும் சென்சாரைச் செருகி, டேப் போட்டு ஒட்ட வேண்டும். அந்தச் சென்சாரைப் பார்த்துச் சூட்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட் டப்பாவை முப்பத்திரண்டு டிகிரியில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதைக்கூட ஒழுங்காகச் செய்ய ஆளில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பாயைத் தானே படுக்கையில் போட்டுக்கொண்டதாக நோயல் ஆஸ்பத்திரியில் உங்களிடம் வாக்குமூலம் கொடுத்தாராம். அது பொய். என் வேலையை இன்னொருவர் பெயரில் எழுதிக்கொள்ள நான் விடமாட்டேன்.

நோயல் என் அம்மாவின் இரண்டாவது கணவர். அம்மா இறந்த பிறகு பல்லாரட்டில் அந்த மர வீட்டில் நானும் அவரும் மாவிஸும் மட்டும் இருந்தோம். மாவிஸ், முர்ரே ஆற்றுப் பக்கத்து ஆஸ்திரேலிய மலைப்பாம்பு. நான் குட்டியிலிருந்து வளர்த்தவள். லைசென்ஸ் இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜூலை, நடுக் குளிர்காலம். நல்ல உறைபனி. எனக்கு உருளைக்கிழங்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. ஒரு நாள் காலையில் வீட்டுக்கு வந்து பார்த்தால், சென்சார் உருவப்பட்டு ஜன்னல் கட்டையில் கிடக்கிறது. ஜன்னலோரம் ஐஸ் மாதிரி இருக்கும். தெர்மோஸ்டாட் அந்தக் குளிரை மாவிஸின் குளிர் என்று நினைத்து, இரவெல்லாம் நிற்காமல் சூடேற்றியிருக்கிறது. மாவிஸ் அதன்மேலேயே சுருண்டு கிடந்தாள். தூக்கினேன். வயிற்றுச் செதில்கள் ஈரக் காகிதம்போல் என் கையோடு வந்தன.

முதலில் அவளைத் துண்டில் சுற்றினேன். பிறகு தொட்டித் தரையை அளந்தேன். நாற்பத்தெட்டு டிகிரி.

"எதுக்கு அதை எடுத்தீங்க?" என்றேன்.

"வெறைச்சுப் போய்க் கெடந்துச்சுடா, பாவமா இருந்துச்சு. அந்த டப்பா வேற டக்கு டக்குன்னு நின்னு நின்னு போச்சு. சும்மா ஓடட்டுமேன்னு உருவி விட்டேன்" என்றார் நோயல். அப்புறம் துண்டைப் பார்த்துவிட்டு, "சுட்டா நகர்ந்துக்காதா? கொழுப்பெடுத்த கழுதை. நீ ஊட்டி ஊட்டி வளர்த்தது" என்றார்.

நகராது. பாம்புக்குச் சூடு என்றால் மேலேயிருந்து வரும் வெயில். அதுதான் அதற்குத் தெரியும். அடியிலிருந்து சுடுவதை அது சரியாக உணர்வதில்லை. வெந்துகொண்டே படுத்திருக்கும். இதை நான் அவருக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது டிவியில் ஃபுட்டி மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

கால்நடை டாக்டர் மாவிஸை ஊசி போட்டு முடித்துவிட்டார். எலுமிச்சை மரத்தடியில் நோயல்தான் குழி வெட்டினார், அந்தப் புண்ணான காலை வைத்துக்கொண்டு, மூச்சிரைக்க. மேலே ஒரு செங்கல்லும் வைத்தார். நான் அதைச் செய்யச் சொல்லிக் கேட்கவில்லை.

அந்தக் காலைப் பற்றிச் சொல்கிறேன். சர்க்கரை வியாதி. புண்ணுக்குக் கட்டு மாற்ற நர்ஸ் பெவ் வருவாள். ஒரு நாள் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் நைலான் இழையால் குத்திப் பார்த்தாள்.

"தெரியுதா நோயல்?"

"நீ இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே கண்ணு."

"பத்து தடவை குத்திட்டேன்."

"அப்ப வேற யார் காலையோ போய்க் குத்தியிருக்க."

பெவ் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். "லீத், கவனமாக் கேளு. கால்கிட்ட ஹீட்டர் கூடாது. வெந்நீர்ப் பை கூடாது. வெந்தாலும் இவருக்குத் தெரியாது."

கவனமாகத்தான் கேட்டேன். நோயலும் கேட்டார். அவர் காது நன்றாகவே கேட்கும்.

வெப்பப் பாய் சும்மா கிடந்தது. கிருமிநாசினி போட்டுத் துடைத்தேன். அவருடைய படுக்கையில் கால் வைக்கும் பக்கம், ஆட்டுத்தோல் விரிப்புக்கு அடியில் விரித்தேன். சென்சாரை நடுவில் வைத்து டேப் போட்டேன். தெர்மோஸ்டாட்டை நாற்பத்தெட்டில் நிறுத்தினேன். ஒரு டிகிரி கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சுவிட்ச் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. நான் யாரையும் கட்டிப் போடவில்லை. மாவிஸுக்குக் கண்ணாடிச் சுவர் இருந்தது. இவருக்கு அதுகூட இல்லை.

குளிர்காலத்தில் நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே படுத்துவிடுவார். போர்வையை இழுத்தபோது ஒயரைப் பார்த்துவிட்டார்.

"என்னடா இது?"

"காலுக்கு. குளிருதுன்னீங்களே."

"மாவிஸோடதா?"

"ஆமா."

ஒயரைப் போர்வையால் மூடினார். பிறகு காலை நீட்டி, விரிப்பின்மேல் நன்றாக ஊன்றி வைத்தார்.

"சுகமா இருக்குடா" என்றார். "போ, நேரமாச்சு. சாப்பாட்டு டப்பாவை மறக்காம எடுத்துக்கோ."

போனேன். அன்றைக்கு மாவிஸ் கிடந்தபோது எவ்வளவு நேரம் வேலையோ, அதே நேரம்தான். காலையில் வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கம்பளிக் காலுறை காலிலிருந்து கழன்று வரவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான். காலை எடுத்தார்கள். அதற்குள் ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது. அப்புறம் அவர் போய்ச் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும்.

விபத்து என்று முடித்துவிடலாம் என்கிறீர்கள். நீங்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். சென்சார் பாய்க்கும் விரிப்புக்கும் நடுவே, தட்டையாக, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, சரியான இடத்தில் இருக்கிறது. நோயலுக்கு அந்த இடம் கடைசிவரை தெரியாது. அதை வைத்தது நான். வேண்டுமென்றே வைத்தேன். திரும்ப வைக்கச் சொன்னாலும் அதே இடத்தில், அதே சூட்டில் வைப்பேன். ஆஸ்பத்திரியில் அவர் சொன்னது சுத்தப் பொய்.

ஆனால் படுக்கையில் சொன்னது பொய்யில்லை. சூடு தெரியாத காலுக்குச் சுகம் மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரிந்திருக்கிறது. தெரிந்தவர் நகர்ந்திருக்கலாம், நகரவில்லை. சுகமாக இருக்கிறது என்று அவர் வாயால் சொன்னார். இல்லையென்றால், எனக்காக எதற்கு அப்படிச் சொல்லப்போகிறார்?