அரிக்கேன் விளக்கை அணைத்தேன்

ஓடுகிறேன். உப்பளத்து வரப்பு மழையில் வழுக்குகிறது. கையில் அரிக்கேன் விளக்கு. மரக்காணம் ரோட்டில் வேன் வருகிறது. முதலில் டர்ரென்ற சத்தம். பிறகு பாதி கறுப்பு பூசிய இரண்டு விளக்குகள். உள்ளே என் தங்கை செல்வி. பதினாலு வயது.

1971, டிசம்பர். பாகிஸ்தானோடு சண்டை. பொழுது சாய்ந்தால் கடலோரத்தில் வெளிச்சம் கூடாது.

மழைக்காலத்தில் உப்பளம் மூடிக்கிடக்கும். திறந்திருந்தாலும் செல்விக்கு வேலை இல்லை. மேஸ்திரி முதலில் காலைத்தான் பார்ப்பார். புண் இருந்தால் உப்புத் தண்ணீரில் நிற்க முடியாது. செல்விக்கு இரண்டு காலிலும் வெடிப்பு. அப்போதுதான் சரோஜா என்று ஒருத்தி வந்தாள். மெட்ராஸில் வீட்டு வேலை என்றாள். செல்வியின் காலை அவள் பார்க்கவே இல்லை. முகத்தைப் பார்த்தாள். சிரிக்கச் சொன்னாள். அப்பா இல்லாத பிள்ளையா என்று கேட்டாள். ரிப்பன் வாங்கித் தந்தாள். அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்றாள். விலாசம் கேட்டதற்கு, சண்டை முடியட்டும் என்றாள். காலைப் பார்க்காமல் வேலை தருகிறாளே என்று பூரித்துப் போனேன். மடச்சி. துணிமூட்டை கட்டிக் கொடுத்ததே நான்தான்.

வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது டீக்கடைக்காரர் கேட்டார்.

"ஏம்மா, அந்தப் பொம்பள கூனிமேட்டுல மேரின்னு இல்ல பேரு சொன்னா? அங்கேருந்து கூட்டிட்டுப் போன ரெண்டு பொண்ணும் இன்னும் வரலியே."

வேன் இன்னும் ஊரைத் தாண்டவில்லை. குப்பத்தில் இன்னொரு பெண்ணை ஏற்றப் போயிருந்தது. இந்த ரோட்டில்தான் திரும்ப வேண்டும். அதனால்தான் ஓடுகிறேன்.

விளக்கைத் தூக்கி ஆட்டுகிறேன். வேன் வேகம் குறைகிறது. சைக்கிளில் ரோந்து வந்தவர் கத்துகிறார்.

"ஏய்! விளக்க அணை! பிளேன் வருது!"

அணைத்தேன். பயந்து, சட்டென்று திரியை இறக்கினேன். வேன் என்னைத் தாண்டிப் போனது. பிளேன் வரவில்லை.

வீட்டு வேலை என்பதே பொய். பம்பாயில் ஒரு வீட்டில் பூட்டி வைத்து அவளை ஆண்களுக்கு விற்றிருக்கிறார்கள். நாலு வருஷம் கழித்து அவள் திரும்பி வந்தபோதுதான் எனக்குத் தெரியும். ஊர் அவளைத்தான் பேசியது. அனுப்பி வைத்த என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் ஊரில் குண்டு விழவில்லை. சண்டையால் சேதம் ஒன்றும் இல்லை என்பார்கள். கூனிமேட்டுப் பெண்கள் இருவர். குப்பத்துப் பெண் ஒருத்தி. என் தங்கை. போனது நாலு பேர். வந்தது செல்வி மட்டும்.

வந்த அன்று அவள் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வெளிச்சத்தப் பாத்தேன்க்கா. நீதான்னு தெரிஞ்சுது. ஏன்க்கா அணைச்ச?"