அம்பிட்டியவில் இறங்கிய தரானிஸ்

அம்பிட்டிய மலைக்கு மேலே இடி எந்த நேரம் விழ வேண்டும் என்று தீர்மானிக்கிறவன் நான்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. கண்டிப் பக்கத்தில் இதைச் செய்யக்கூடிய இன்னொருவர் இருந்தால் கூட்டி வாருங்கள், இந்தக் கதிரையை விட்டு எழும்பி அவருக்கு இடம் கொடுக்கிறேன். அதற்கு முதல் ஒரு பிளேன்டீ கிடைத்தால் நல்லது. சீனி வேண்டாம், டொக்டர் மறித்திருக்கிறார். உடம்பைக் கவனமாகப் பார்க்கிறவன் நான்.

நேற்றுக் காலை இதையே உங்கள் சார்ஜன் ஸைத்திடம் சொன்னபோது அவர் பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

“ஐயா, மின்னல் வெட்டி மவுத்தானவருக்கு நாங்க ஆரைப் புடிச்சி உள்ள போட ஏலும்? மரண விசாரணையும் முடிஞ்சி. இயற்கை அனர்த்தம். நீங்க கூட்டாளி போன கவலைல ஈக்கிறீங்க. ஊட்ட போய்க் கொஞ்சம் படுங்க.”

இயற்கை அனர்த்தம். அந்த இரண்டு சொல்தான் என்னை இங்கே கொண்டுவந்தது. ஒரு மனிதன் பாடுபட்டுச் செய்த காரியத்தை மழையின் பேரில் எழுதிவிட்டால் யாருக்குத்தான் மனம் பொறுக்கும்.

பெயர் அம்பிகைபாகன். பிறந்தது யாழ்ப்பாணம், உத்தியோகம் பார்த்ததெல்லாம் கண்டியில். மின்சாரம்தான் தொழில். தேயிலைத் தொழிற்சாலை, கோயில் கோபுரம், பள்ளிக்கூடம் என்று உயரமாக எதைக் கட்டினாலும் இடிதாங்கி பூட்ட என்னைத்தான் தேடுவார்கள். உச்சியில் கம்பியை நிறுத்தி, அதிலிருந்து செப்புப் பட்டியை இறக்கி, மண்ணுக்குள் ஆழமாகப் புதைப்பது. எர்த் என்று சொல்வது அதைத்தான். வானத்திலிருந்து வருவது ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் போய்விடும். நான் எர்த் போட்ட கட்டடத்தைக் கண்டால் மின்னல் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும் என்று ஊரில் ஒரு கதை இருந்தது. கதையைக் கட்டியவன் நான்தான். ஆனால் ஒருவரும் மறுக்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு மகள் கஜாலினி பிரான்சுக்குக் கூப்பிட்டாள். அவள் லியோனில் இருக்கிறாள். அங்கே ஒரு நூதனசாலையில் கைக்கு அடக்கமான வெண்கலச் சிலை ஒன்றைக் காட்டினாள். தாடிக்காரர். ஒரு கையில் சக்கரம், மற்றக் கையில் இடி. பிரான்ஸ் என்ற பெயரே பிறக்காத காலத்தில் அந்த மண்ணில் இருந்த கோல் சனங்களின் இடித்தெய்வம், பெயர் தரானிஸ் என்றாள். நான் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றேன், நின்றேன், காவலாளி வந்து கதவு பூட்டப்போகிறோம் என்று சொல்லும் வரைக்கும் நின்றேன். ஆயுள் முழுக்க எதைப் பிடித்து மண்ணுக்குள் தள்ளினேனோ அதற்கு ஒரு முகமும் பெயரும் இருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

அந்தச் சனங்களின் மொழி செத்துப் பல நூறு வருசம். ஆனாலும் சிலர் அந்தக் கும்பிடுதலை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். ஒரு பஸ் சாரதி, ஒரு பல் வைத்தியர், ஒரு பூக்கடைக்காரி. சனிக்கிழமைகளில் காட்டுக்குள் கூடி, சப்பாத்துக் காலோடு சேற்றில் நின்று, மரத்தடியில் பியர் ஊற்றி, கல்வெட்டுகளில் மிஞ்சிய சொற்களைச் சேர்த்துத் தெய்வங்களைக் கூப்பிடுவார்கள். நானும் போனேன். நல்ல சனங்கள். ஒரு கோழியைக்கூட அறுக்க மாட்டார்கள். பழைய காலத்தில் தரானிஸுக்கு ஆளைக் கொடுத்தார்களாமே என்று மகளைக் கொண்டு கேட்டுப் பார்த்தேன். பூக்கடைக்காரி முகத்தைச் சுளித்தார். அது ரோமர்கள் எழுதி வைத்தது, எங்களுக்கு அது வேண்டாம் என்றார். மரியாதைக்குத் தலையாட்டினேன்.

ஊருக்குத் திரும்பி, அம்பிட்டியவில் என் வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டில் தரானிஸுக்கு ஓர் இடம் செய்தேன். கலஹாப் பக்கத்தில் மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து எட்டு ஆரம் வைத்த இரும்புச் சக்கரம் ஒன்று கிடைத்தது. கொண்டுவந்தவர் திருச்செல்வம். கட்டுகஸ்தோட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். சக்கரத்தை உயரமான இரும்புக் கம்பத்தின் உச்சியில் பூட்டினோம். கீழே நின்று இழுத்தால் சக்கரம் சுழலும்படி ஒரு சங்கிலியும் தொங்கவிட்டோம். எர்த் போட்டேன். பழக்கம்.

திருச்செல்வத்துக்கு இடியென்றால் பயம். கடையில் இருக்கும்போது வானம் முழங்கினால் கல்லாவுக்குக் கீழே குந்திவிடுவார்.

“எங்கப்பாவ மலையில வச்சு மின்னல்தாண்ணே கொண்டுபோச்சு. நான் அப்ப சின்னப் பய. அந்த நாள்ல இருந்து இப்பிடித்தான். வாங்க சாமின்னு நாமளே கூப்பிட்டுப் பழகிட்டா பயம் போயிருமாண்ணே?”

“போகும்” என்றேன்.

நான் அவருக்குச் சொன்னது பலித்தது, ஐயா. அவருக்கு இப்போது பயம் இல்லை.

லியோனில் மாதிரி இங்கேயும் நாங்கள் கூடத் தொடங்கினோம், மூன்றாவது ஆள் றஞ்சனா. தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். தன் தனிமைக்கு ஒரு துணையாக வருவார். நான்காவது சுந்தரலிங்கம். அவர் பக்தர் இல்லை. பௌதிகம் படிப்பித்த மாஸ்டர், என் பழைய சிநேகிதன். கூட்டம் தவறாமல் வந்து, பின் விறாந்தையில் சப்பாத்தோடு இருந்து, வடையைத் தின்றுகொண்டு பகிடி பண்ணுவது அவர் வேலை.

“என்ன அம்பிகை, உன்ர ஆள் இன்னும் வரேல்லையோ? பேராதனையிலை பஸ் மாறி ஏறிட்டார் போல.”

“வருவார்.”

“சித்திரை மாதம் கண்டியிலை பின்னேரத்திலை இடி முழங்க, நீ கூப்பிட வேணுமோ? இண்டைக்கு நான் கூப்பிடுறன், என்ர சொல்லுக்கும் வரும்.”

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நான் எதையும் மனதில் வைத்திருக்கிறவன் இல்லை. வைத்திருந்தால் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் உங்களுக்குச் சொல்ல முடியாதா என்ன. சொல்ல முடியும்.

ஒரு நாள் தரானிஸ் உண்மையாகவே வந்தார். சக்கரம் பளிச்சென்று நீலமாக எரிந்ததை என் கண்ணால் கண்டேன். மேடு அதிர்ந்தது. அடுத்த கணம் செப்புப் பட்டி வழியே இறங்கி மண்ணுக்குள் போய்விட்டார். ஒரு புல் கருகவில்லை. திருச்செல்வம் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். றஞ்சனா குடையை விரித்துக்கொண்டிருந்தார். சுந்தரலிங்கம் வடைத் தட்டிலிருந்து நிமிர்ந்து, “அது ஹந்தானை மலைப் பக்கம் விழுந்தது” என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். பிழை என்னில்தான். வா வா என்று கூப்பிடுவது, வந்தவரை வாசலிலேயே பிடித்து மண்ணுக்குள் அனுப்புவது. எந்த மரியாதையுள்ள வீட்டில் இப்படிச் செய்வார்கள்? எர்த்தைக் கழற்றினேன். கம்பத்தின் அடிக்குப் பெரிய பீங்கான் குமிழ்கள் கொடுத்தேன். மின்கம்பங்களில் கம்பியைத் தாங்கி நிற்குமே, அதேதான். பீங்கானுக்குள்ளால் மின்சாரம் போகாது. தெய்வத்துக்குப் பீடம் என்று திருச்செல்வத்திடம் சொன்னேன். தன் கடையில் கிடந்ததில் நல்லதாகத் தெரிந்தெடுத்து, துடைத்து, அவரே சுமந்துகொண்டு வந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

இனி வருகிறவருக்குக் கீழே இறங்க ஒரே வழிதான். சங்கிலி, சங்கிலியைப் பிடித்த கை, கால்.

நீங்கள் கேட்கப் போவது தெரியும். ஏன் சங்கிலியை ஒரு மரத்தில் கட்டவில்லை? மரம் கருகினால் மின்னலுக்கு மரம் கருகுவது இயல்பு என்று சுந்தரலிங்கம் பாடம் எடுப்பார். அவர் மறுக்க முடியாத சாட்சி ஒன்று தேவைப்பட்டது. அவரையே பிடிக்கச் சொல்லலாமே என்றும் யோசித்தேன். நியாயமான யோசனைதான். ஆனால் அவர் போய்விட்டால் ஒப்புக்கொள்ள ஆள் யார்? றஞ்சனாவுக்குக் கை மூட்டுவாதம். நானோ தெய்வத்தைக் கூப்பிட வேண்டும். கடைசியில் திருச்செல்வம்தான் மிஞ்சினார். யாரிலும் கோபம் வைத்துச் செய்த தெரிவு இல்லை அது.

இன்னொரு விசயமும் இருந்தது. லியோனில் சப்பாத்தோடு கும்பிட்டார்கள் என்றேனே. எங்கள் ஆட்களைத் தெய்வத்துக்கு முன்னால் செருப்போடு நிற்கச் சொன்னாலும் நிற்பார்களா? ஒருவரும் சொல்லாமலே கழற்றினார்கள். அங்கே இரண்டு சொட்டு பியர் ஊற்றினார்கள். திருச்செல்வத்துக்கு அது போதவில்லை, அபிஷேகம் மாதிரிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார். ஊறிய மண்ணில் வெறுங்காலோடு நின்று இரும்புச் சங்கிலியைப் பிடிப்பது என்றால் என்ன என்று, மின்சாரத்தோடு வாழ்ந்த ஒருவனுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அன்று பின்னேரம் ஹந்தானைக்கு மேலே வானம் கறுத்து வந்தது. திருச்செல்வம் சங்கிலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். முகம் வெளிறியிருந்தது.

விறாந்தையிலிருந்து சுந்தரலிங்கம், அன்றைக்குப் பகிடி இல்லாமல் கேட்டார்: “அம்பிகை, உதுக்கு எர்த் இருக்குத்தானே?”

“சுந்தரம், நான் எர்த் போடாத கம்பி இந்த மாவட்டத்திலை நிக்குதோ?”

சுந்தரலிங்கம் சிரித்தார். அதைக் கேட்ட பிறகுதான் திருச்செல்வம் செருப்பைக் கழற்றினார். கவனியுங்கள், நான் பொய் சொல்லவில்லை. கேள்வி ஒன்று கேட்டேன். அவ்வளவுதான்.

“பயமாத்தாண்ணே இருக்கு” என்றார் திருச்செல்வம். “நீங்க பக்கத்துலதானே நிக்கிறீங்க?”

“இங்கைதான் நிக்கிறன். சங்கிலியை இழும்.”

நான் நின்றது விறாந்தைக்குள், ரப்பர் விரிப்பின் மேல்.

சக்கரம் சுழன்றது. நான் கூப்பிட்டேன். வந்தார். மகியங்கனை வரை வீட்டு ஓடுகள் அதிர்ந்தன, கண்டி வாவி மீன்களெல்லாம் கரைக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் திரும்பத் தெரிந்தபோது திருச்செல்வம் சங்கிலியைவிட்டுச் சற்றுத் தள்ளி, மல்லாக்கக் கிடந்தார். றஞ்சனா ஓடிப்போய் அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்.

“அம்பிகை அண்ணை, ஓடி வாங்கோ. என்ர கை ஏலாது. ஒருக்கா மாறி அமத்துங்கோ, அண்ணை.”

கேட்டது. ஆனால் நான் அந்த நேரம் சுந்தரலிங்கத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காகத்தானே இவ்வளவும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தட்டு கீழே விழ, மழைக்குள் ஓடிப்போய் றஞ்சனாவின் கையை விலக்கி, தான் அழுத்தினார். அம்புலன்ஸ் வரும் வரைக்கும் அழுத்தினார். ஒரு சொல் சொல்லவில்லை.

செத்தவீட்டிலும் சொல்லவில்லை. திருச்செல்வத்தின் மனைவி சஞ்சீவனி என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசி நேரத்துல பயந்தாரா, ஐயா?” என்று கேட்டார். இல்லை அம்மா, சந்தோசமாக நின்றார் என்றேன். அந்தப் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். பிறகு விசாரணை நடந்தது, இயற்கை அனர்த்தம் என்று முடித்தார்கள். அப்போதும் சுந்தரலிங்கம் மூலையில் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். என் சாட்சி வாயைத் திறக்கவே இல்லை. ஆகவேதான் நானே இங்கே வந்தேன்.

சார்ஜன் ஸைத் பாவம், நேற்று என்னைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அனுப்பத்தான் சுந்தரலிங்கத்தைக் கூப்பிட்டார். அவர் வந்து என்னைப் பார்க்காமல் மற்றக் கதிரையில் இருந்தார்.

“மாஸ்டர், ஒங்கட கூட்டாளி என்னென்னவோ சொல்றார்” என்றார் சார்ஜன். “இடிய இவர்தான் வரவெச்சாராம். இது நடந்த கதையா, இல்லாட்டி மனக்கவலையா? நீங்க சொல்லி, ஊட்ட கூட்டிட்டுப் போங்க.”

சுந்தரலிங்கம் பையைத் திறந்து ஒரு செப்புப் பட்டியை எடுத்து மேசையில் வைத்தார். அதன் நுனிக்கு நான் துணி சுற்றி, நூலால் கட்டி வைத்திருந்தேன். செப்பு மழையில் பழுதாகக்கூடாது என்று. நல்ல சாமானைப் பேணுகிறவன் நான்.

“செத்தவீட்டுக்கு அடுத்தநாள் மேட்டுக்குப் போனனான்” என்றார். “இது அறுந்தது இல்லை. இவன் ஸ்பானராலை கழட்டி, பக்குவமாச் சுத்தி, செடிப் பத்தைக்குள்ளை வைச்சிருந்தவன். நான் கேட்டனான், எர்த் இருக்கோ எண்டு. கேட்டிட்டுச் சிரிச்சனான். பிறகும் என்ர வாய் வரேல்லை. நம்ப மனம் வரேல்லை.”

“அப்ப நடந்ததா, மாஸ்டர்?”

எனக்கு நெஞ்சு சின்னப் பிள்ளைக்கு மாதிரி அடித்தது.

“நடந்தது” என்றார் சுந்தரலிங்கம். “நடந்தது, சார்ஜன். இவன்தான் அந்த மனுசனைக் கொலை செய்தவன்.”

நீங்கள் எழுதும்போது முதல் சொல்லை மட்டும் எழுதுங்கள், ஐயா. மற்றது அவர் மனவருத்தத்தில் சொன்னது.