பவித்ரா என்று சொல்ல

"திருநீறு பறக்கேல்லை. திரும்பச் சொல்லு, பிள்ளை."

நான் வேலை தேடிச் சாவகச்சேரிக்குப் போன பஸ்ஸில் இது பக்கத்து இருக்கையில் கேட்டது. காதுக் கருவி போட்ட சிறுமியின் உள்ளங்கையில் கொஞ்சம் திருநீற்றை வைத்து, தாய் அதை அவள் வாய்க்கு நேரே பிடித்திருந்தாள்.

"மவித்ரா," என்றாள் சிறுமி.

"ம இல்லையம்மா. வாயாலை காத்து வரவேணும். பவித்ரா."

"ரெண்டுக்கும் உதடு ஒரேமாதிரித்தானே மூடுது, அவள் என்ன செய்வாள்?" என்றான் அருகில் நின்ற தகப்பன். "விடுமப்பா, சனம் பாக்குது."

"பாக்கட்டும். பள்ளிக்கூடத்திலை முதல் கேக்கிறதே பேர்தான். விளங்காட்டி இவளை எடுப்பினமோ?"

சிறுமி மூச்சைக் கூட்டினாள். "பவித்ரா!" திருநீறு தாயின் சேலையெல்லாம் பறந்தது.

தாய் சிரித்துக்கொண்டே சிறுமியின் கையைத் துடைத்து மடியில் வைத்தாள். "இப்ப சொல்லு, உன்ரை பேர் என்ன?"

"மவித்ரா."

தாயின் சிரிப்பு நின்றுவிட்டது. "அங்கை போயும் இப்பிடித்தான் சொல்லப்போறாள்."

"அப்ப வெறுங்கையை வாய்க்கு முன்னாலை பிடிச்சு, காத்துப் படுறமாதிரிச் சொல்லட்டுமன்," என்றான் தகப்பன்.

"மற்றப் பிள்ளையள் சிரிக்காதுகளே?" என்றாள் தாய்.

"சிரிக்கட்டும். பேர் விளங்கட்டும்."

பஸ் நின்றது. தாய் மகளின் கையைத் தூக்கி வாய்க்கு முன்னால் பிடித்தபடியே இறங்கினாள்.