நடுக்கம் அல்ல, அம்பறாத்தூணி

மேடையில் வீற்றிருக்கும் பெருமக்களே! காசிமேட்டிலிருந்து தொழிலுக்குப் போகாமல் வந்திருக்கும் உறவுகளே! கல்லூரித் தோழர்களே! கணிதத்துறை உமைமாவின் வணக்கம்.

முனைவர் பொ. குப்பம்மா அவர்களுக்கு இன்று இரங்கல் கூட்டம். எனக்குப் பின்னால் தொங்கும் பேனரைப் படித்தீர்களா? ‘நடுக்கவியல் அறிஞர்’! அம்மையார் என்றைக்கு நடுங்கினார்? யாரைக் கண்டு நடுங்கினார்?

அவர் ஆராய்ந்தது ஆங்கிலத்தில் ‘குவிவர்’ எனப்படுவது. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் அம்புகளும் கொண்ட படம். அம்பு இருப்பதால் அம்பறாத்தூணி என்று பெயர். நம் துறைத்தலைவர் ஐயா அகராதியைப் புரட்டினார். அதே ஆங்கிலச் சொல்லுக்கு இன்னொரு பொருள் கண்ணில் பட்டது: ‘நடுக்கம்’. உடனே குப்பம்மாவின் கட்டுரை மேல் எழுதினார்: ‘நோய் தொடர்பானது. மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புக.’ ஆகா, என்ன அறிவு! என்ன வேகம்!

குப்பம்மா பொறுமையாக வரைந்து காட்டினார். “அம்பெல்லாம் ஒன்வே ரோடுன்னு வச்சிக்குங்க சார். ஒரு முனையைப் பிடிக்கணும். அது வழியாப் போற ஒவ்வொரு வழிக்கும் நேரா ஒரு குறுக்குவழி போடணும். அப்புறம் அந்த முனையைத் தொடற ஒன்வேயெல்லாம் திருப்பி வுடணும். எதிரெதிரா ரெண்டு வந்தா ரெண்டையும் அழிச்சிடணும். அவ்ளோதான்.”

இப்படித் திருப்பித் திருப்பி ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக முடிந்தால் இரண்டும் சமானம். வரிசையாக நின்ற மூன்று புள்ளிகள் ஒரே திருப்பில் முக்கோணமாயின. ஐயா சிரித்தார். “கோடு எப்படிம்மா முக்கோணமாகும்? முதல்ல உங்க பேரை மாத்துங்க, பழசா இருக்கு.”

அது முதல் பக்கத்துப் படம். மூன்றாண்டுகளாக ஐயா முதல் பக்கத்தைத் தாண்டவில்லை! கடைசிப் பக்கத்தில், பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட இரண்டு படங்கள் சமானம் என்று குப்பம்மா நிறுவியிருந்தாரே, அதை யார் படித்தது?

அக்காவை அழைத்துப்போக வந்து வாசலில் நின்ற குப்பம்மாவின் தம்பி வெற்றி, மீன்பிடி லாஞ்சு ஓட்டுபவர், அன்று என்னிடம் கேட்டார்: “எனக்கே பிரிஞ்சுது டீச்சர். இவருக்கு இன்னா பேஜாரு?”

அதே ஐயா சற்றுமுன் இதே மைக்கில் என்ன சொன்னார்? ‘நானும் அம்மையாரும் சேர்ந்து செய்த ஆய்வு!’ சேர்ந்தா? வெற்றியிடம், அக்கா விட்டுப்போன ஆய்வு நோட்டையும் கேட்டார். வெட்கமாக இல்லையா?

வெற்றி, கொடுக்காதீர்கள். அன்பர்களே, என் தோழி போனது எனக்குத் தாங்கவில்லை. ஆனால் அந்த நோட்டைக் கடைசி வரி வரை சரிபார்த்து அச்சுக்கு அனுப்புவேன். ஒரே பெயரில்: பொ. குப்பம்மா.

ஐயா, நீங்களும் ஓர் உதவி செய்யலாம். நாற்காலியில் ஏறி அந்தப் பேனரைக் கழற்றுங்கள். கால் நடுங்கினால் சொல்லுங்கள், வெற்றி பிடித்துக்கொள்வார்.