ஆமைப் படத்தை எடுத்த புள்ள

எம்பொண்ணு சொல்லி நான் வரலீங்க பிரின்சிபால் மேடம். அவ வாயே திறக்கல. எங்கிட்ட இதை மொதல்ல சொன்னது இங்க அவகூட டீச்சர் ட்ரெயினிங் படிக்குதே, அந்தச் சுருட்டைமுடிப் பொண்ணு. முந்தாநாள் சாயங்காலம், பஸ் ஸ்டாப்புல. ஆன்ட்டி, உங்க பொண்ணுக்கு இந்த வருஷம் பெயில் போடப் போறாங்களாம், மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்தாத்தான் விடுவாங்களாம், தெரியாதான்னு கேட்டுச்சு. கையில இருந்த பையை அப்படியே கீழ வச்சுட்டேன்.

இல்லீங்க, நிக்கிறேன். சரி, நீங்க இவ்வளவு சொல்றீங்க, உக்காந்துக்கிறேன். ஆனா ஒண்ணு, உக்காந்தா நான் லேசுல எந்திரிக்க மாட்டேன். மொதல்லயே சொல்லிட்டேன்.

அப்படியா? பெத்தவங்க வரக் கூடாதுன்னு சட்டமா? இருபத்திமூணு வயசாச்சுதான், யார் இல்லேன்னா. அதுக்காக அவளைப் பெத்தது வேற யாரோன்னு ஆயிடுமா? வெளியில பியூனும் இதையேதான் சொன்னார். வாசல்ல ரெண்டு மணி நேரம் பெஞ்சுல உக்காந்தேன். கடைசில பாவம், அவரே கதவைத் திறந்து விட்டுட்டார். அவரை ஒண்ணும் சொல்லிடாதீங்க.

தெரியும், தெரியும். அந்த ஃபைல்ல என்ன இருக்குன்னு சுருட்டைமுடி முழுசா சொல்லிட்டா. வகுப்புல முப்பத்தேழு புள்ளைங்க. எம்பொண்ணு குடுத்த ரிப்போர்ட்டுல முப்பத்தெட்டு. இல்லாத ஒரு புள்ளைய இவளா உண்டாக்கி, அது நல்லா முன்னேறிச்சுன்னு கோடு போட்டுக் காட்டியிருக்கா. இதானே குத்தம்?

கொஞ்சம் பொறுங்க மேடம். போன் அடிச்சா அடிக்கட்டும். அவ அந்தப் பாடத்தை எப்படிப் பண்ணினான்னு உங்களுக்குத் தெரியுமா? மேற்பார்வைக்குப் போன சார் பாத்தாரா? கடைசி பெஞ்சுல கால் மணி நேரம் உக்காந்து, பாதி நேரம் தன்னோட போனைப் பாத்துட்டுப் போனாராம். சரி, அவரை விடுங்க.

நான் பாத்தேன். எங்க வீடு ரெண்டே ரூம். இவளை ஒரு ஸ்கூலுக்குப் போய் ரெண்டு மாசம் நாலாம் வகுப்புக்குப் பாடம் நடத்துன்னு அனுப்பினீங்கல்ல, மொத வாரமே வந்து சொன்னா. அம்மா, பாதிப் புள்ளைங்களுக்குக் கேள்வியையே படிக்கத் தெரியல, அப்புறம் எங்க கணக்குப் போடுறதுன்னா. அதுக்காகத்தான் போன்ல திறக்குற மாதிரி பின்னக் கணக்குப் பாடம் ஒண்ணு செஞ்சா. கேள்வியை அவளே பேசிப் பதிவு பண்ணினா. தெருச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு எங்க துணி அலமாரிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, என் புடவைங்களுக்கு நடுவுல நின்னுதான் பேசுவா. அந்த நேரத்துல நான் பாத்திரம் கழுவக் கூடாது, இருமக் கூடாது, செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. ஒரு நாள் அடக்க முடியாமத் தும்மிட்டேன். ஏழாவது கேள்வியில இப்பவும் அந்தத் தும்மல் கேக்கும். அழிக்கப் போனவகிட்ட, வேண்டாம் மிஸ், தும்மல் இருக்கட்டும்னு புள்ளைங்க கத்துச்சாம்.

தப்பாப் போட்டா சிவப்புல பெருக்கல் குறி வராதுங்க. அவ குரல்தான் வரும். பரவாயில்ல, படத்தை இன்னொரு தடவை பாருன்னு சொல்லும். தினம் சாயங்காலம் யாரு எந்தக் கேள்வியில நிக்குறாங்கன்னு பாத்து, அந்தப் புள்ளைக்குன்னு தனியா ரெண்டு வார்த்தை பேசி வைப்பா.

அதுக்குள்ள போறதுக்குப் பேரு கெடையாது, படந்தான். நாப்பது படம் வச்சா. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்கன்னா. சிங்கத்துக்கு ஆறு பேர் அடிச்சுக்கிட்டாங்களாம். கடைசில எஞ்சினது வௌவால், நத்தை, ஆமை. மூணாவது வாரம் அந்த ஆமைக்கு ஆள் வந்துடுச்சு.

அதைத்தான் சொல்ல வர்றேன். யாருன்னு அவளுக்கும் தெரியாது. வகுப்புல கேட்டுப் பாத்தா, ஒருத்தரும் கை தூக்கல. யாரோ ஒரு புள்ளையோட அக்காவோ தங்கச்சியோ வீட்டுப் போன்ல போடுது போலன்னு விட்டுட்டா. விட்டுட்டான்னா, சும்மா விடல. அதுக்கும் பேசி வச்சா. ஆமைக்குட்டி, நீ அவசரப்படாமப் போடுறியே, அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு.

விடியக்காலை அஞ்சு மணின்னு நேரம் பதிவாகியிருக்கா? ஆமா, இருக்கும். நாலாம் வகுப்புப் புள்ள எது அஞ்சு மணிக்கு எந்திரிச்சுக் கணக்குப் போடும்னு அந்த சார் எல்லார் முன்னாடியும் கேட்டுச் சிரிச்சாராமே. நியாயமான கேள்விதான், நானும் ஒத்துக்கிறேன். அதுக்கு எம்பொண்ணு என்ன பதில் சொன்னான்னு உங்க ஃபைல்ல எழுதியிருக்கா? எழுதலையா? அப்ப நான் சொல்றேன், எழுதிக்கங்க. மூணுல ஒரு பங்கையும் நாலுல ஒரு பங்கையும் கூட்டினா எவ்வளவுன்னு ஒரு கேள்வி. அந்த ஒரே கேள்வியை அந்த ஆமை பத்தொம்பது தடவை தப்பாப் போட்டிருக்கு. பொய்யா ஒரு புள்ளைய உண்டாக்குறவ எதுக்கு சார் பத்தொம்பது தப்பை உண்டாக்கணும்னு கேட்டிருக்கா. சார் சிரிப்பை நிறுத்திட்டாராம்.

அப்புறந்தான் இந்தக் கடிதம். இல்லாத மாணவரைச் சேர்த்தது என் தவறு, மன்னிக்கவும்னு நாலு வரி. எழுதினா மார்க்கைக் கொறச்சுப் பாஸ் போடுவீங்க, எழுதலேன்னா மறுபடியும் ஒரு வருஷம். அவ எழுத மாட்டேன்னுட்டா. ஆமை இருக்கு சார், யாருன்னுதான் தெரியல, இல்லேன்னு எங்கையால எழுத மாட்டேன்னா. வீட்டுக்கு வந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வச்சா மேடம். மூணு நாளா அப்படித்தான் இருந்திருக்கா. எனக்குத்தான் கண்ணு தெரியல.

சொல்லிப் பாக்குறதா? நானா? எழுதிக் குடுத்துடும்மான்னு நான் சொல்லணுமா? மாட்டேங்க. நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரிதான். எனக்குக் குரலை உசத்திப் பேச வராது. எங்க வீட்ல யாரையும் அதட்டினது கூடக் கெடையாது. ஆனா இதுல ஒரு அடி பின்னால வைக்க மாட்டேன். நேத்து காலையில சாமி முன்னால கண்ணை மூடி ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். தைரியம் குடுன்னு கேட்டேன். உண்மையைச் சொல்றதுக்கு என்ன பெரிய தைரியம் வேண்டிக்கெடக்குன்னு எனக்கே சிரிப்பு வந்துடுச்சு.

இந்தாங்க, இதைப் பாருங்க. பாத்து, கண்ணாடி விரிசல், கையைக் கீறிடும். அவ வச்சிருந்த பழைய போனு, புதுசு வாங்கினதும் எனக்குக் குடுத்தா. அதோ அந்த மூலையில இருக்கே, அதை அமுக்குங்க. என்ன படம் வருது?

ஆமாங்க. தும்மினது மட்டுமில்ல, அந்த ஆமையும் நான்தான்.

இதுல சிரிக்க என்ன இருக்கு? சிரிங்க, பரவாயில்ல. பொண்ணு அலமாரிக்குள்ள நின்னு என்னதான் பேசுறான்னு பாப்போமேன்னு ஒரு நாள் இந்தப் போன்ல அந்தப் பாடத்தைத் திறந்தேன். யாரும் சீந்தாமக் கெடந்த படமாச்சேன்னு அதை அமுக்கினேன். நாம அமுக்குறதெல்லாம் எங்கயோ போய்ப் பதிவாகும், கோடாகும், ரிப்போர்ட்டாகும்னு நான் கண்டேனா? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கரும்பலகைதான். துடைச்சா போச்சு. காலையில கும்பிட்டு முடிச்சு, அடுப்பைப் பத்த வைக்கிறதுக்கு முன்னால அரை மணி நேரம். அவ தூங்கிக்கிட்டிருப்பா. நான் சமையல் ரூம் தரையில உக்காந்து காதுல வச்சுக் கேப்பேன்.

பதினெட்டு வருஷம் துணிக்கடையில இருந்தேங்க. கால் மீட்டர், முக்கால் மீட்டர்னு அளந்து கிழிச்ச கை இது. ஒரு விரல் அளவு கூடவும் செய்யாது, கொறையவும் செய்யாது. ஆனா மூணுக்குக் கீழ கோடு போட்டு நாலுன்னு எழுதினா அதுதான் அந்த முக்கால்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல. எம்பொண்ணு சொன்னா. அதுவும் யாருக்குச் சொல்றோம்னே தெரியாம.

அவகிட்ட ஏன் சொல்லலையா? புள்ளைங்க மூணு பேர்கிட்டயும் எட்டாவது வரைக்கும் படிச்சேன்னு சொல்லி வச்சிருக்கேன் மேடம். மூணாவதோட நிறுத்திட்டாங்க. மூணு பேரோட மார்க் அட்டையிலயும் கையெழுத்துப் போட்டவ நான்தான். என்ன போட்டிருக்குன்னு பாக்குற மாதிரி கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டுப் போடுவேன். சாமிகிட்ட நான் பொய் சொன்னதில்ல. புள்ளைங்ககிட்ட சொன்னது இது ஒண்ணுதான். இன்னிக்கு வீட்டுக்குப் போய் அதையும் சொல்லிடுவேன். எங்கம்மா எட்டாவதுன்னு சொல்றதை விட, எங்கம்மாவுக்கு நான்தான் பின்னம் சொல்லிக் குடுத்தேன்னு சொல்றது அவளுக்குப் பெருமையாத்தான் இருக்கும்.

கடிதம் வேணும்னா நான் எழுதித் தர்றேன். முப்பத்தெட்டாவது புள்ள நான்தான்னு. எழுத்து கொஞ்சம் கோணலா இருக்கும், பாத்துக்கங்க. நம்பிக்கை வரலேன்னா இப்பவே ஒரு கணக்குக் கேளுங்க. பத்தாவது பாடம் வரைக்கும் எங்க வேணா கேளுங்க, தாளுல போட்டுக் காட்டுறேன்.

பதினொண்ணு வேண்டாம் மேடம். அது பாதியில நிக்குது. விசாரணை முடியுற வரைக்கும் அந்தப் பாடத்தையெல்லாம் யாரும் திறக்க முடியாம நீங்கதான் பூட்டி வச்சிருக்கீங்களாம், ஆமைப் படத்தோட நின்னுடுது. நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு முன்னால அதை மட்டும் கொஞ்சம் திறந்து விடச் சொல்லுங்களேன்.