சிவப்புப் பெட்டி

புதிய இணையதளத்தைத் திறந்த அன்று அத்தானின் கீபோர்டில் காபியைக் கொட்டியவன் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஐயா. என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். நோயாளிக்கு மருந்து எத்தனை மில்லி ஏற்றலாம் என்று கணக்கிடும் மென்பொருளை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுக்கட்டும், திருத்தட்டும் என்று திறந்து வைத்தவர். சின்ன ஆஸ்பத்திரிகள் பல அதை நம்பியிருந்தன. அதன் தளம்தான் பார்க்கச் சகிக்காது; அதைப் புதிதாக வடிவமைக்க நான் முன்வந்தேன்.

"நோட்டீஸ் போர்டு மாதிரி இருக்கு, அத்தான். ஆணி மட்டும்தான் இல்ல."

"எதை வேணா மாத்து மச்சான். அந்தச் சிவப்புப் பெட்டிய மட்டும் தொடாத."

பதிவிறக்கப் பொத்தானுக்கு மேலே இருந்தது அந்தப் பெட்டி: பத்து கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பயன்படுத்தாதீர்கள், அளவு பத்து மடங்கு கூடலாம். பிழையைத் திருத்த ஆறு மாதம் ஆகும் என்றார்.

நான் அதை நீக்கவில்லை. 'மேலும் அறிய' என்பதற்குள், மூன்றாம் பக்கத்தில், வெளிர்சாம்பல் எழுத்தில் வைத்தேன். நீலப் பக்கத்தில் சிவப்பு ஒட்டவே ஒட்டாது. கண் உள்ள யாரும் ஒப்புக்கொள்வார்கள். அத்தான் தளத்தை எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை.

ஒரு நர்ஸம்மா புகார்ப் பக்கத்தில் கேட்டார்: "பெட்டி எங்கே?" 'வடிவமைப்பு முடிவு' என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு பதில் போட்டுப் புகாரை மூடினேன். மறுபடி கேட்டார்; மூடினேன். மூன்றாம் முறை, அவர் எழுதவே முடியாதபடி தடுத்துவிட்டேன். புகார்கள் அத்தானின் மின்னஞ்சலுக்குப் போவதையும் நிறுத்தினேன். பாவம், அவருக்கு ஆயிரம் வேலை.

பெட்டி போனதும் பதிவிறக்கம் இரண்டு மடங்கானது. அதுவரை பாதிப்பேர் அதைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறார்கள். அத்தனை பேரையும் உள்ளே அழைத்து வந்தது நான். சட்டம் போட்டு மாட்டலாம் போலிருந்தது அந்தப் பதிவிறக்க எண்ணிக்கையின் வரைபடம்.

புதிதாகப் பதிவிறக்கிய ஒரு ஆஸ்பத்திரி. எட்டு மாதக் குழந்தை, ஏழு கிலோ. எறும்பு ஏறினால்கூட ஊதித்தான் விடுவேன், ஐயா. செய்தி வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே பெட்டியைத் திரும்ப வைத்தேன். இளஞ்சிவப்பில்.

மூன்று வாரமாக அத்தான் என்னோடு பேசவில்லை. இன்று காலை இந்த விசாரணை அறைக்கு வெளியே, பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எடைய அவங்க பாத்திருக்கலாம். டாக்டர் சரிபாத்திருக்கலாம். பத்துப் பேர் கை பட்ட விஷயம், அத்தான். ஒரு பெட்டி இருந்து என்ன ஆகியிருக்கும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"புள்ள உயிரோட இருந்திருக்கும்."